முளைக்காத பெட்டியைக் கொட்ட வேண்டாம், தங்கச்சி

கேள்வி: அண்ணை, மூன்று வருடத்துக்கு முன் கனடாவில், ரொறன்ரோ ஸ்காபரோ வீட்டை விற்றுவிட்டு லின்ட்சே பக்கம் காணியோடு வீடு வாங்கினோம். பின்னால் அரை ஏக்கர் மேப்பிள் சோலை, மே மாதம் முழுக்க வெள்ளை ட்ரில்லியம் பூக்கள். அப்பா ஊரில் புகையிலைத் தோட்டம் செய்தவர், நாற்றுமேடை எனக்குப் புதிதல்ல. சனிக்கிழமைச் சந்தையில் மிளகாய், கத்தரிக் கன்றுகள் விற்கிறேன். வாங்க வருகிறவர்கள் காட்டுப்பூக் கன்று இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அதனால் போன வருடம் யூனில் பிளட்ரூட் என்ற காட்டுப்பூவின் விதையும் யூலைக் கடைசியில் ட்ரில்லியம் விதையும் எடுத்து, நன்றாகக் காயவைத்து, பிஸ்கட் பேணியில் போட்டு வைத்தேன். மார்ச்சில் வீட்டுக்குள் விளக்கின் கீழ் ஆறு தட்டுகளில் விதைத்தேன். இன்றுவரை ஒரு முளை இல்லை. மிஞ்சிய ஒரு பிடி ட்ரில்லியம் காய்களை அப்போதே ஒரு மரப்பெட்டியில் மண்ணோடு கொட்டியிருந்தேன், அதிலும் ஒன்றுமில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கத்தரி போடச் சொல்கிறார் இவர். பக்கத்துக் காணிக்காரரோ, விதை எதற்கு, சோலையில் கிண்டி விற்க வேண்டியதுதானே என்கிறார். என்ன செய்ய? (லின்ட்சே வாசகி)

பதில்:

தங்கச்சிக்கு,

ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன அந்த மரப்பெட்டியிலிருந்து தொடங்குகிறேன். உங்களிடம் இருக்கிற நல்ல சரக்கு அதுதான். இவரைத் தொடவிடாதீர்கள்.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு தேக்கரண்டியோடு போய், பெட்டியின் ஒரு மூலையில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரே ஒரு கரண்டி மண் அள்ளுங்கள். வெள்ளைக் கோப்பையில் போட்டு, தண்ணீர் விட்டு, விரலால் கலைத்துப் பாருங்கள். மிளகைவிடச் சிறிய, கடுகைவிடப் பெரிய பழுப்பு விதைகள் அடியில் தங்கும். சிலவற்றின் நுனியில் நூல் தடிப்பில் வெள்ளையாக வேர் ஒன்று இறங்கியிருந்தால் உங்கள் ட்ரில்லியம் முளைத்துவிட்டது. இறங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மேலே பச்சை தெரியவில்லை, அவ்வளவுதான்.

பனங்கிழங்குப் பாத்தி பார்த்தவருக்கு இதை விளக்குவது லேசு. கொட்டையை அடுக்கி மண் மூடிவிட்டால் மேலே ஒன்றும் தெரியாது. முளை கீழேதான் போகும். போய்க் கிழங்காகத் திரண்டு, தை மாசியில் நாங்கள் கிண்டி அவித்துத் தின்னும் மட்டும் இலை என்ற பேச்சே இல்லை. கிண்டாமல் விட்ட கொட்டைதான் பிறகு ஆறுதலாக ஓர் இலையை நீட்டி வடலியாகிறது. ட்ரில்லியத்துக்கும் அந்தக் குணம்தான். பனை சில மாதத்தில் செய்வதை இது இரண்டு குளிர்காலத்தில் செய்கிறது.

கணக்கு இப்படிப் போகும். போன யூலைக் கடைசியில் விதை மண்ணுக்குள் போனது. ஒரு குளிர்காலம் கழிந்தது. இந்தக் கோடையில் வேரும், வேரின் தலையில் அரிசிக் குறுணியளவு கிழங்கும். வரப்போவது இரண்டாவது குளிர்காலம். பனி கரைந்து ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் புல்லிதழ் மாதிரி ஒற்றை இலை ஒன்று எழும்பும். அது வித்திலை. பார்த்தால் ட்ரில்லியம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், களை என்று பிடுங்காமல் இருந்தால் சரி. அதற்கு அடுத்த வருடம் வெற்றிலைக் கொழுந்து வடிவில் ஓர் இலை. அந்த ஒற்றை இலையோடேயே இரண்டு மூன்று வருடம் நிற்கும். பிறகு ஒரு வசந்தத்தில் மூன்று இலை வரும், ஆனால் பூ வராது. விதை போட்டதிலிருந்து ஏழாவது வருடம் பூத்தால் நீங்கள் நன்றாகப் பார்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். காட்டில் பத்து வருடமும் ஆகும்.

இவ்வளவு மெத்தனம் ஏன் என்று கேட்பீர்கள். உங்கள் சோலையையே ஏப்ரலில் ஒருமுறை போய்ப் பாருங்கள். பனி கரைந்த நாளிலிருந்து மேப்பிள் இலை விரிந்து கூரை போட்டுவிடும் நாள் வரை சில கிழமைகள்தான் நிலத்தில் வெயில் விழுகிறது. அடியில் நிற்கிற செடிக்கு வருட வரும்படியில் பெரும் பங்கு அதற்குள்தான். இந்த வருடத்து இலையும் பூவும் போன வருடமே மண்ணுக்குள் மொட்டாகத் தயாராகிவிடும். வருடத்துக்கு ஒரே ஒரு தடவைதான் தளிர்க்கும். அந்த மூன்று இலையையும் மான் கடித்துவிட்டால், அல்லது பூவுக்கு ஆசைப்பட்டு யாராவது தண்டோடு முறித்துவிட்டால், அந்த வருடம் அதற்குச் சாப்பாடு இல்லை. மிளகாயைப் போல மறுபடி துளிர்த்து வராது. இப்படி உழைத்துச் சேமிக்கிற செடி பூக்க ஏழு வருடம் எடுப்பதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

சரி, ஆறு தட்டுகள். நீங்கள் செய்தது முழுக்கப் புகையிலைக்காரர் பிள்ளை செய்கிற வேலை. விதையைக் காயவைத்துப் பேணியில் அடைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த நல்ல பழக்கம். புகையிலைக்கும் மிளகாய்க்கும் அது சரி. மேப்பிள் சோலை விதைகள் பலவற்றுக்கு அதுதான் நஞ்சு. ஏனென்றால் காட்டில் அவை காய்வதே இல்லை. ட்ரில்லியம் விதையை எடுத்த அன்று அதன் ஒரு பக்கத்தில் வெளிறிய சதைத்துண்டு ஒட்டியிருந்ததைக் கவனித்திருப்பீர்கள். பிளட்ரூட்டிலும் உண்டு, அதில் வெள்ளையாகப் புழுப்போல வடிவாகத் தெரியும். அது எறும்புக்கு வைத்த கூலி. கொழுப்புச் சத்துள்ள துண்டு. காய் வெடித்துச் சற்று நேரத்தில் எறும்புகள் விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், அந்தத் துண்டைத் தின்றுவிட்டு, விதையைத் தங்கள் குப்பைக் கிடங்கில் போட்டுவிடும். ஈரம், இருட்டு, உக்கிய மண். விதைக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். அதை வெயிலில் பரப்பி, எட்டு ஒன்பது மாதம் பேணியில் அடைத்தால் உள்ளே கரு செத்துப்போகும், சாகாவிட்டாலும் எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போய்விடும்.

பிளட்ரூட் அநேகமாக முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ட்ரில்லியத்தில் கொஞ்சம் தப்பியிருக்கலாம். இவருக்குத் தட்டுகள்தானே வேண்டும்? ஆறு தட்டு மண்ணையும் ஒரே பெட்டியில் கொட்டி, சோலை நிழலில் வைத்து, இரண்டு வசந்தம் பாருங்கள். தட்டுகளை அவரிடம் கொடுத்துவிடுங்கள், கத்தரி போடட்டும். வீட்டில் சண்டை மிச்சம்.

கொட்டுவது பற்றி எனக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. காட்டுப்பூக் கன்று வளர்க்கும் இந்தத் தொழிலில் இறங்கிய இரண்டாவது வருடம், முளைக்கவில்லை என்று பன்னிரண்டு தட்டு ட்ரில்லியத்தை வளவின் பின்மூலையில் இருந்த குப்பைமேட்டில் தலைகீழாகத் தட்டிவிட்டேன். எனக்கு விதை தந்தவரைத் திட்டவும் செய்தேன், காதில் விழாத தூரத்தில் நின்று. அடுத்த ஏப்ரலில் குப்பை எடுக்க மண்வெட்டியோடு போனால் மேடு முழுக்கப் புல்லிதழ் மாதிரி ஒற்றை இலைகள். வெட்ட ஓங்கிவிட்டேன். ஏதோ ஒரு ஐமிச்சத்தில் குனிந்து ஒன்றை இழுத்துப் பார்த்தேன், வேரில் கிழங்கு. அந்த மேட்டை நான் பிறகு தொடவேயில்லை. இன்றைக்கும் மே மாதத்தில் என் வளவில் வடிவாகப் பூக்கிற இடம் அதுதான்.

இனி விதை எடுப்பது. ட்ரில்லியம் காய் உங்கள் பக்கம் யூலைக் கடைசி, ஓகஸ்ட் முதற் கிழமையில் பழுக்கும். அதாவது இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது சோலையில் காய் நிற்கும். தொட்டால் மெத்தென்று இருக்க வேண்டும், லேசாக இழுத்தால் காம்பை விட்டு வர வேண்டும். ஒன்றைப் பிரித்துப் பாருங்கள், விதை பழுப்பாக இருந்தால் எடுக்கலாம், வெள்ளையாக இருந்தால் நாலு நாள் பொறுங்கள். பிந்தினால் எறும்பு முந்திவிடும். மஞ்சள் குளவியும் இந்த விதைக்கு வரும், கை நீட்டுமுன் கவனம். ஒரு செடியில் ஒரு காய்தான். சோலையில் உள்ள காய்களில் பத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

பிளட்ரூட்டுக்கு யூன். அதன் காய் பச்சையாக இருக்கும்போதே வெடித்துவிடும். பழுக்கட்டும் என்று காத்திருந்தால் வெறும் தோடுதான் கிடைக்கும். அதற்கு நான் வைத்திருக்கிற வழி, எங்கள் கலியாண வீடுகளில் இனிப்புப் போட்டுத் தருகிறார்களே மெல்லிய வலைத்துணிப் பை, வாய்க்கு நாடா வைத்தது, அதுதான். என் மனைவி ஒரு லாச்சி நிறையச் சேர்த்து வைத்திருந்தாள். மே கடைசியில் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பையைக் கவிழ்த்து நாடாவை மெல்ல இழுத்துவிட்டால், வெடிக்கிற விதை பையிலேயே கிடக்கும். ரொறன்ரோத் தமிழருக்கு இந்தப் பைக்குப் பஞ்சமில்லை.

ஹெபாட்டிகா என்ற இன்னொரு காட்டுப்பூ இன்னும் பொல்லாதது. விதை பச்சையாக இருக்கும்போதே பழுத்த கணக்கு. மே கடைசியில் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும், உதிர்ந்தால் எடுக்கலாம். காலையில் தட்டி உதிராதது பின்னேரம் நிலத்தில் கிடக்கும்.

எடுத்த விதையை என்ன செய்வது? அன்றைக்கே விதைப்பதுதான் சிறந்தது. முடியாவிட்டால் தண்ணீரில் அலசி, சதைத்துண்டைத் தேய்த்துக் கழுவி, பிழிந்தால் சொட்டாத அளவுக்கு ஈரமான வெர்மிகுலைட்டோடு (நீரைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) சிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். சதை கழுவாவிட்டாலும் முளைக்கும், ஆனால் பூஞ்சணம் பிடிக்கும். பிரிட்ஜில் மூன்று மாதம், வீட்டுச் சூட்டில் மூன்று மாதம், மறுபடி பிரிட்ஜில் மூன்று மாதம் என்று மாற்றி மாற்றி வைத்து ட்ரில்லியத்தின் இரண்டு குளிர்காலத்தை ஒரு வருடத்துக்குள் அடக்குகிறவர்களும் இருக்கிறார்கள். வேலை செய்யும். ஆனால் பூக்கும் வரையான ஏழு வருடத்தில் ஒரு வருடம் மிச்சம் பிடிக்க இவ்வளவு மினக்கெட வேண்டுமா என்று நான் விட்டுவிட்டேன். பிரிட்ஜில் வைத்தால் பையில் "விதை, சமையலுக்கு அல்ல" என்று பெரிதாக எழுதுங்கள். ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

பெட்டி ஆறு அங்குலமாவது ஆழம் இருக்கட்டும். கன்று போடும் சின்னக் குழித்தட்டு இதற்கு ஆகாது. மூன்று வருடம் அதற்குள் குடியிருக்கப் போகிற செடி, குழித்தட்டு இரண்டு நாள் வெயிலில் காய்ந்துவிடும். மண்ணுக்கு, பொடியாக உடைந்த பைன் பட்டை, நன்றாக உக்கிய இலைக்குப்பை, அதோடு பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளைக் கனிமத் துகள்) அல்லது பருமணல். விதையை அரை அங்குல ஆழத்தில் போட்டு, மேலே கோழிகளுக்குப் போடுகிற கருங்கல் குறுணியை மெல்லிதாகப் பரப்புங்கள். அது பாசி படராமல் காக்கும், மழை மண்ணைக் கிளறாமலும் காக்கும். அதற்கு மேல் கால் அங்குலக் கண் வைத்த கம்பிவலை. இதை விட்டீர்களோ, வரி அணிலுக்கும் எலிக்கும் நீங்கள் அன்னதானம் செய்ததாகத்தான் முடியும். ஒக்ரோபரில் மேப்பிள் சருகை இரண்டு கைப்பிடி போட்டு மூடுங்கள். மற்றதைப் பனி பார்த்துக்கொள்ளும்.

பெட்டிகள் சாவது குளிரால் அல்ல, இரண்டாவது கோடையில். மேலே ஒன்றும் தெரியாது, வெறும் மண் பெட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? யூலை வெயிலில் நாலு நாள் காய்ந்தால் உள்ளே நூல் போல இருந்த வேர் கருகிவிடும். பிறகு எத்தனை வசந்தம் காத்திருந்தாலும் வராது. ஆகவே கத்தரிக்கு ஊற்றும்போது அந்த வெறும் பெட்டிக்கும் ஊற்றுங்கள். போன கிழமை வெயிலுக்கு உங்கள் மரப்பெட்டிக்கு ஊற்றினீர்களோ?

பெயர்ப்பட்டியில் பென்சிலால்தான் எழுத வேண்டும். மார்க்கர் மை இரண்டு கோடையில் வெளுத்துப்போகும், அப்போது ட்ரில்லியம் எது, பிளட்ரூட் எது என்று முளைத்த பிறகுதான் தெரியும். நான் ஒரு பட்டியை வெளியே குத்தி, இன்னொன்றை மண்ணுக்குள் புதைத்தும் வைப்பேன். வெளியே குத்தியதை அணில் பிடுங்கிக்கொண்டு போகும், சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

வித்திலை வந்த பிறகு உடனே பிரித்து நட ஆசை வரும். மூன்றாவது வருடம் வரை விடுங்கள். இலை வாடி அடங்கிய பிறகு, செப்ரெம்பரில், தொட்டிக்கு மாற்றலாம். இலை நிற்கிற வசந்தத்தில் மட்டும் நீர்த்த திரவ உரம் கொஞ்சம் கொடுங்கள். மண் ஈரமாக இருந்தால் இலை இன்னும் சில கிழமை பச்சையாக நிற்கும், கிழங்கு அந்த அளவுக்குப் பெருக்கும். காட்டில் பத்து வருடம் எடுப்பதை நேர்சரியில் ஏழாக்குவது இந்த இரண்டும்தான்.

இப்போது வியாபாரத்துக்கு வருவோம். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பார்கள். ட்ரில்லியத்தை மட்டும் நம்பி மேசை போட்டால் உங்கள் நிலைமையும் பனை வைத்தவரின் நிலைமைதான். மேசையை நிரப்ப வேறு ஆட்கள் வேண்டும். கொலம்பைன், சிவப்பும் மஞ்சளுமாகத் தொங்குமே, அதன் கறுப்பு விதையைத் தாராளமாகக் காயவைத்துப் பேணியில் போடலாம், உங்கள் கைப்பழக்கம் அதில் பலிக்கும். இலையுதிர்காலத்தில் மண்ணின் மேற்பரப்பில் தூவி, மூடாமல், வெளியே வைத்தால் வசந்தத்தில் முளைத்து, அதற்கடுத்த வருடம் பூக்கும். ஃபோம் ஃபிளவரும் அப்படித்தான், விதை தூசு மாதிரி. அப்பா புகையிலை விதையைச் சாம்பலோடோ மணலோடோ கலந்து தூவியிருப்பாரே, அதே கை போதும்.

பிளட்ரூட்டைப் புதிதாக விதைத்தால் அடுத்த வசந்தமே ஒரு பங்கு முளைக்கும், மிச்சம் அதற்கடுத்த வசந்தம். மூன்று நாலு வருடத்தில் பூ. ஊர் பிரமதண்டின் குடும்பம்தான். கிழங்கை உடைத்தால் செம்மஞ்சளாக இரத்தம் போல் பால் வரும், கையில் பட்டால் கறை. பூ இரண்டு நாளில் கொட்டிவிடும், அதனால் சந்தையில் பூவோடு காட்டி விற்கலாம் என்று நம்ப வேண்டாம். இலையைக் காட்டி விற்கப் பழகுங்கள், இலையும் வடிவு.

ஜாக்-இன்-த-புல்பிட் எனக்குச் செல்லம். மூடி போட்ட குவளை மாதிரிப் பூ. சேம்பு, கருணைக்கிழங்கின் சொந்தக்காரர், அதனால் பழம் பிழியும்போது கையுறை போடுங்கள். கருணைக்கிழங்கு சீவியவருக்குக் கடி எப்படியிருக்கும் என்று தெரியும். செப்ரெம்பரில் பழம் சிவக்கும், சதையைக் கழுவி எடுத்த விதையை அப்போதே விதைத்தால் ஒரே குளிர்காலத்தில் முளைக்கும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. கிழங்கு சிறிதாக இருக்கும் வருடம் செடி ஆண்பூப் பூக்கும், கிழங்கு பெருத்ததும் பெண்பூ. காய்த்துக் களைத்தால் மறுபடி ஆணாகிவிடும். வாடிக்கையாளருக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள், ஒன்று கேட்டவர் இரண்டு வாங்குவார்.

காட்டு இஞ்சியை விதையில் வளர்க்க வேண்டியதில்லை. படர்கிற கிழங்கை செப்ரெம்பரில் துண்டாக்கித் தொட்டியில் வைத்தால் அடுத்த வருடம் விற்கலாம். வேரைக் கிள்ளினால் இஞ்சி மணம் வரும், எங்கள் ஆட்கள் உடனே தேத்தண்ணிக்குப் போடலாமோ என்பார்கள். கூடாது. அது இஞ்சியே அல்ல, ஆடுதீண்டாப்பாளையின் குடும்பம். சிறுநீரகத்தைக் கெடுக்கிற அரிஸ்டோலோகிக் அமிலம் அதில் உண்டு. தொட்டியிலேயே "உண்ணக் கூடாது" என்று எழுதி ஒட்டி விற்கிறேன் நான். நீங்களும் ஒட்டுங்கள், தமிழிலும் எழுதி.

இவை மேசையைப் பார்த்துக்கொள்ளட்டும். ட்ரில்லியத்துக்கு வருடம் ஒரு பெட்டி, ஒரு வருடம் கூட விடாமல். முதல் ஏழு வருடம் சிரமம்தான். எட்டாவது வருடத்திலிருந்து வருடா வருடம் ஒரு பெட்டி பூக்கிற வயதுக்கு வந்துகொண்டே இருக்கும். ஒரு வருடம் விதைக்க மறந்தால் அந்த ஓட்டை ஏழு வருடம் கழித்துத்தான் மேசையில் தெரியும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது. விலையைக் குறைக்காதீர்கள். நான் பூக்கும் ட்ரில்லியத் தொட்டியை 20 டொலருக்குக் குறைத்துக் கொடுப்பதில்லை. விலை கூட என்பவரிடம் அதன் வயதைச் சொல்கிறேன். அநேகம் பேர் பேசாமல் வாங்குவார்கள், சிலர் பேசாமல் போவார்கள்.

பக்கத்துக் காணிக்காரர் விஷயம். சோலை உங்களுடையது, கிண்டினால் யாரும் பிடித்துக்கொண்டு போகப் போவதில்லை. ஒன்ராறியோவில் ட்ரில்லியம் பறித்தாலே குற்றம் என்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். 1937 முதல் அது மாகாணப் பூ, அதிலிருந்து எழுந்த கதை அது. பொதுவாக அப்படியொரு சட்டம் இல்லை. மாகாணப் பூங்காக்கள், பாதுகாப்புப் பகுதிகள் போன்ற இடங்களில் எந்தச் செடியையும் தொடக்கூடாது, விதை எடுப்பதற்கும் அதே விதி. ஆனால் உங்கள் சோலையில் பூக்கிற ஒவ்வொரு செடிக்கும் ஏழு, பத்து வயதாவது இருக்கும், பலவற்றுக்கு இன்னும் கூட. நூறைக் கிண்டி விற்றால் ஒரு சனிக்கிழமை வருமானம். அந்த இடத்தில் மறுபடி நூறு பூக்க உங்கள் பிள்ளைகள் பெரியவர்களாகிவிடுவார்கள். அதோடு உங்கள் விதைக் களஞ்சியமே அந்தச் சோலைதானே? பூவோடு கிண்டிய செடி பாதி வேரோடுதான் வரும், வாங்கியவர் தோட்டத்தில் வாடினால் அடுத்த வருடம் உங்கள் மேசைப் பக்கம் திரும்பிப் பார்க்க மாட்டார். உங்களிடம் வருகிறவர்களில் பலர் முதற் கேள்வியாகவே "விதையிலிருந்து வளர்த்ததா, காட்டில் எடுத்ததா" என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல முடிவதில் பாதி வியாபாரம் இருக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியாது: மண்புழு. மண்புழு கண்டால் அப்பா சந்தோஷப்பட்டிருப்பார். இந்த நாட்டுச் சோலைக்கு அது விருந்தாளி அல்ல, கள்ளன். பனியுகத்துப் பனிப்பாறை மூடிய இந்தப் பகுதியில் சொந்தப் புழுவே இல்லாமல்தான் காடு வளர்ந்தது, இப்போதுள்ளவை பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. நிலத்தில் மெத்தை மாதிரிக் கிடக்கிற சருகை அவை தின்று தீர்த்தால் ட்ரில்லியம் குஞ்சுகளுக்குப் படுக்க இடமில்லை. அதைவிட மோசம், ஆசியாவிலிருந்து வந்த துள்ளும் புழு. ஒன்ராறியோவிலும் கண்டிருக்கிறார்கள். தொட்டால் பாம்புக்குட்டி மாதிரித் துள்ளும், அது இருக்கிற மண் கோப்பிச் சக்கை போலக் குறுணியாகிவிடும். ஊர் ஊராக அது போவது பெரும்பாலும் தொட்டிச் செடிகளிலும் இலைக்குப்பையிலும்தான், அதாவது எங்களைப் போன்றவர்கள் கையால். ஆகவே யாரும் சும்மா தருகிறார்கள் என்று இலைக்குப்பை வாங்காதீர்கள். பெட்டிகளை நேரே மண்ணில் வைக்காமல் களைத்துணி விரித்து அதன் மேல் வையுங்கள். சந்தைக்குக் கொண்டுபோகும் முன் இரண்டு மூன்று தொட்டியைத் தட்டி வேரைப் பாருங்கள். ஒன்று கண்டாலும் அந்தத் தொகுதியே வெளியே போகக்கூடாது.

இந்தக் கிழமை வேலை இவ்வளவுதான்: சோலைக்குப் போய் இருபது முப்பது காய் எடுத்து, அன்றைக்கே புதுப் பெட்டி ஒன்றில் விதைத்து, பென்சிலால் தேதி எழுதி வையுங்கள். ஓகஸ்ட் நடுவில் பழைய பெட்டியில் அந்த ஒரு கரண்டி. அதற்கு மேல் தோண்ட வேண்டாம், பார்த்த விதைகளை அதே ஆழத்தில் திருப்பி வையுங்கள். வேர் கண்டால் இவரையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு எனக்கு இரண்டு வரி எழுதுங்கள்.